ஆறாம் எண்

பள்ளிப்பட்டில் எங்கள் சமுதாயக் கல்லூரி
உரக்கடைக்கு மேலே ஒன்றரை அறை.
அந்த அரை அறையில் சாக்குமூட்டைகள்.
ஐப்பசி பிறந்தால்
யூரியா வாசம் படியேறி வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, ஓராண்டுப் பட்டயம்,
பதினாலு பேர், ஒரே ஒரு ஏ.சி.
எங்களுக்கு முன் ஒன்பது வருடத்துப் பிள்ளைகள்
கழற்றிக் கழற்றி மாட்டியதில்
அதன் திருகுகளெல்லாம் மொட்டை.
இன்றுவரை அது யாரையும் குளிர்வித்ததில்லை.

எழுபத்தைந்து சதவீத வருகை இல்லையென்றால்
தேர்வு கிடையாது, உதவித்தொகை கிடையாது.
பதிவேடு என் கையில்.
என் கையெழுத்து அழகு என்று சொல்லிக் கொடுத்தார்கள்.
காலையில் உரக்கடைக்காரரிடம் சாவி வாங்க
முதலில் வருகிறவள் நான், அவ்வளவுதான்.

ஐந்து பேர் ஆந்திரத்துப் பக்கம்.
தரைப்பாலம் தாண்டி சைக்கிளில் வருவார்கள்.
லோகநாதம், ஹசீனா,
ஒரே சட்டையை முறைவைத்துப் போடும்
சுப்பராயுடுவும் கிரிபாபுவும்,
பிறகு தேசம்மா, ஆறாம் எண்.
இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள்,
ராத்திரி நகரியில் விசைத்தறி.
செம்புக் குழாயை முட்டியில் வைத்து
ஒரு நெளிசல் இல்லாமல் வளைப்பாள்.
எபினேசர் வளைத்தால் அது கொத்தவரங்காய்.

ஒருநாள் டீக்கடையில் அவளிடம் சொன்னேன்:
ஆறு என்றால் எங்களுக்கு எண் மட்டும் இல்லை,
அதோ ஓடுகிறதே, அதுவும் ஆறு.
சூடான டீயைப் பார்த்துச் சொன்னால் அதுவும் ஆறு.
சிரித்தாள்.
"ஒரே வார்த்தையை மூணு வேலைக்கு அனுப்புறீங்க,
கூலி யார் குடுக்கிறது?"

பிறகு கிருஷ்ணாபுரத்தில் மதகைத் திறந்தார்கள்.

தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு கொசஸ்தலை.
திருத்தணி பஸ் இல்லை, அதனால் சாரும் இல்லை.
செல்போன் கோபுரம் செத்துக் கிடந்தது.
பதிவேட்டை உரச்சாக்கின் உள்பையில் சுற்றி
நான் இக்கரைக்குப் போனபோது
முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டு
ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.
அக்கரையில் ஒரே தார்ப்பாய்க்கடியில்
அவர்கள்.
யாரும் சொல்லாமல்தான் வந்திருந்தார்கள்.

பெயர்களைத் தண்ணீர் தின்றுவிடும்.
எண்களைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு!"
ஒரு கை உயர்ந்தது.
ரெண்டு கரைக்கும் ரெண்டு ரெண்டுதான்.

"ஆறு!"

தார்ப்பாய் அசையவில்லை.

"ஆறு!"
என் பக்கத்தில் அது எண்ணாகவும் நீராகவும் கிளம்பி
பாதி வழியில் எதையோ கைவிட்டு
அந்தப் பக்கம் வெறும் எண்ணாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.
பதில் சொன்னது வெள்ளம் மட்டும்,
கூப்பிட்டது தன்னைத்தான் என்பதுபோல.

ஹசீனா வெளியே வந்தாள்.
கையில் ஒரு செம்புக் குழாய்,
நெளிசலே இல்லாத வளைவு.
தூக்கிக் காட்டினாள்.
வாயருகே கை குவித்து ஏதோ கத்தினாள்.
ஒரு சொல் மட்டும் ஈரமாக வந்து சேர்ந்தது:
"ராது."
வரமாட்டாள்.
இன்றைக்கா, இனிமேலா?
அதை ஆறு வைத்துக்கொண்டது.

மீதி மூன்று எண்களையும் கூப்பிட்டு முடித்தேன்.
மூன்று கைகளும் உயர்ந்தன.
பக்கத்தைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன்.
இன்னும் ஒரே ஒரு நாள் குறைந்தால்
ஆறாம் எண் கோட்டுக்குக் கீழே.

போலீஸ்காரர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார்.
"ஆறட்டும் பாப்பா, அப்புறம் குடி.
எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க சார்."

ஆறாம் கட்டத்தில் வருகை போட்டேன்.
என் அழகான கையெழுத்தில்.
குடைக்கம்பியிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்து
மை கிளம்பி
மேலே ஐந்தையும் கீழே ஏழையும்
தொட்டது.